கேபர்னேவுக்குப் பக்கத்தில்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜூடித் இன்று இந்த நோட்டைக் கொடுத்தார். "தினமும் என்ன சமைச்சே, எந்த ஒயினோட வச்சுப் பார்த்தே, எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் தேதி போட்டு எழுது, ஜோ" என்றார். நாகஜோதி என்ற என் பெயர் அவர் வாயில் எட்டு வருடமாக ஜோதான். இந்தத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் அவருடையவை.

செப்டம்பர் 21, சனிக்கிழமை மதியம் விருந்து. நாற்பது பேர். நான்கு சிவப்பு ஒயின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதார்த்தம். தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒயினை ஊற்றிக் கொடுக்கும் கூடத்தை ஒட்டி ஒரு சின்னச் சமையலறை இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. இதுவரை சீஸ் தட்டு, சூப், அடுப்பில் சுட்ட கறி என்றுதான் செய்திருக்கிறேன். இந்த முறை எல்லாமே எங்கள் கம்பம் பக்கத்துச் சமையலாக இருக்க வேண்டுமாம்.

முதலில் மெர்லோ. அடுத்து ஷிராஸ். மூன்றாவது, கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. கடைசியில் தனிக் கேபர்னே. தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் கூனவாரா என்றாலே கேபர்னேதான். இங்கே மண் நல்ல சிவப்பு, முழங்கை ஆழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அந்த மண்ணுக்கு அந்தத் திராட்சை பிடித்துப்போயிருக்கிறது.

அந்தக் கடைசி ஒயின் என் கணவர் செய்தது. இரண்டு வருடம் முன்பு தோட்டத்தின் தெற்குத் துண்டில் விளைந்ததை ஜூடித் அவரிடம் கொடுத்து, "இது உன்னோடது, உன் இஷ்டப்படி செய்" என்றார். பீப்பாயில் கிடந்து இப்போது பாட்டிலுக்கு வந்திருக்கிறது. லேபிள் இன்னும் ஒட்டவில்லை.

சுருளிவேல். எழுதும்போது பெயரைச் சொன்னால் தப்பில்லை. மார்ச் 28ஆம் தேதி கார் விபத்தில் போய்விட்டார்.

நல்லெண்ணெய் வாங்க வேண்டும். குக்கருக்கு கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

மெர்லோவுக்குக் காளான். மெர்லோ சாதுவானது, பிளம் பழ வாசனை, துவர்ப்பு குறைவு. முதல் தடவை காளானோடு தக்காளி போட்டு வதக்கினேன். புளிப்பு ஏறி ஒயின் சப்பென்று ஆகிவிட்டது. தக்காளி இல்லாமல் வெண்ணெய், சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை சோம்பு மட்டும் போட்டுச் செய்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

ஒயினை வாயில் வைத்து, பல்லில் படும்படி சுழற்றி, துப்பிவிடுவேன். சுருளிவேல் சொல்லிக்கொடுத்தது. அவர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைப்பார். அத்தனையையும் துப்பிவிடுவார். இங்கே எல்லோரும் வேலை நேரத்தில் துப்புகிறவர்கள்தான். ஆனால் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிப்பார்கள். இவர் அந்தக் கிளாஸையும் தொட்டதில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

போன வருட மெனுவில் ஷிராஸுக்குக் கங்காருக் கறி இருந்தது. வேண்டாம் என்றேன். ஜூடித் ஏன் என்று கேட்கவில்லை. அன்று சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது எது என்று போலீஸ்காரர் வந்து சொன்னபோது அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு "மிளகுக் கோழி" என்று எழுதினார்.

ஷிராஸிலேயே மிளகு வாசனை உண்டு. சரியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கம்பத்திலிருந்து கொழுந்தன் செல்வபாண்டி பேசினான். விருந்து நடக்கப்போவதைச் சொன்னேன். அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்குது மதினி. அண்ணன் படத்த மட்டும் மாட்ட விடமாட்டேங்குது. பிரேம் போட்டு பரணுக்கு மேல கெடக்கு. ஒங்கப்பன் படத்துக்கே நான் மாலை போட்டதில்ல, இன்னொரு குடிகாரப்பய படத்துக்குப் போடுவேனான்னு கேக்குது."

"அத்தைகிட்ட போனைக் குடுங்களேன்."

"பேசாது மதினி."

மாமனார் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர். அப்போது என் கணவருக்குப் பதினாறு வயது. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம், ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்று. பிறகு திராட்சையைப் பற்றிப் படிக்க அடிலெய்டுக்கு வந்து, ஒயின் செய்யும் வேலையிலேயே சேர்ந்தார். அத்தையிடம் மறைக்கவில்லை. "நான் துப்பிருவேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "வாயில ஊத்துறவன் துப்பவா செய்வான்?" என்பார் அத்தை. சிரித்துக்கொண்டே சொன்னாலும் முழுசாக நம்பியதில்லை.

ஏப்ரலில் அஸ்தியைக் கொண்டுபோனபோது, வீடு நிறைய ஆட்கள் இருக்க, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நெசத்தச் சொல்லுத்தா. குடிச்சிருந்தானா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை கையை விட்டுவிட்டார்.

அன்று நான் பேசும் நிலையில் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கேபர்னேவுக்கு உப்புக்கறி. ஆட்டின் முன்தொடை, சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய், உப்பு, வரமிளகாய். வேறு மசாலா கிடையாது. ஊரில் செய்கிற மாதிரி பத்து மிளகாய் கிள்ளிப் போட்டேன். ஜூடித் ஒரு துண்டு சாப்பிட்டு, ஒயினை ஒரு வாய் குடித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, "தீயை விழுங்கின மாதிரி இருக்கு ஜோ" என்றார். காரம் ஒயினின் சூட்டைக் கிளப்பிவிடுகிறது. துவர்ப்பும் கசப்பாகத் திரும்பிவிட்டதாம்.

"நீ குடிச்சுப் பார்க்கலையா?"

பல் கூச்சமாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அடிலெய்டிலிருந்து கவர் வந்தது. விபத்து விசாரணை முடிவு. அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

மிளகுக் கோழி: மிளகை முழுசாக வறுத்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். பொடியாக்கினால் ஷிராஸின் வாசனையை அமுக்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் தோட்டம் முழுக்க உறைபனி. வெட்டிவிட்ட கொடிகள் வரிசை வரிசையாக மொட்டையாக நிற்கின்றன. இன்னும் துளிர் வராததால் பனியால் சேதம் இல்லை என்று ஜூடித்துக்கு நிம்மதி.

கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து லேபிள் வரைந்த காகிதத்தைக் காட்டினார். வெள்ளைத் தாள். கீழே ஒரு சிவப்புக் கோடு, செம்மண். மேலே ஆங்கிலத்தில் "சுருளி". வேறு படம் எதுவும் இல்லை.

"உனக்குச் சம்மதம்னா போதாது. அவன் அம்மாவுக்கும் சம்மதமா இருக்கணும். மகனோட பேரு, அவங்க வச்ச பேரு. கேட்டுச் சொல்றியா?"

எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"செப்டம்பர் ஆறாம் தேதி அச்சுக்குக் குடுக்கணும்."

கேட்கிறேன் என்றேன். ஒரு குடிகாரன் பெயரை ஒயின் பாட்டிலில் ஒட்டலாமா என்று அத்தையிடம் நான் எப்படிக் கேட்பது? இதை ஜூடித்திடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

ஐந்து மாதம். மழை. மூன்றாவது ஒயினுக்கு என்று செய்த கோலா உருண்டை எண்ணெயில் உடைந்துபோயிற்று, பொட்டுக்கடலை மாவு போதவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கவரைப் பிரித்தேன். ஒன்பது பக்கம். வெளிச்சம் மங்கும் நேரம், ஈரமில்லாத சாலை, அளவான வேகம், கங்காருவைத் தவிர்க்க வண்டியை ஒடித்தது, ஓரத்து மரம். ஆறாம் பக்கத்தில், ரத்தத்தில் ஆல்கஹால் அறவே இல்லை.

மடித்து அதே இடத்தில் வைத்தேன்.

அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஏன் தலையைக் குனிந்தாய் என்று யாராவது கேட்கலாம். இங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோலா உருண்டை சரியாக வந்தது. கொத்துக்கறியை இரண்டு தடவை அரைக்க வேண்டும், கசகசா கொஞ்சம் கூட்ட வேண்டும். கலப்பு ஒயினில் கேபர்னேயின் துவர்ப்பும் ஷிராஸின் பழச்சுவையும் இருக்கின்றன. பொரித்த கறியின் கொழுப்புக்கு அது நன்றாக ஈடுகொடுக்கிறது. ஜூடித் ஏழு சாப்பிட்டார்.

செல்வபாண்டி அழைத்தான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

விருந்துக்கான கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஜூடித் திடீரென்று துணியைக் கீழே வைத்தார்.

"ஜோ, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அஞ்சு மாசமா கேட்காம இருக்கேன். அறுவடையில அவனைப் பன்னிரண்டு நாள் லீவே இல்லாம வேலை வாங்கினேன். அன்னைக்குக் காலைல நாலு மணிக்கு வந்தவன். சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்தேன், கண்ணு சொருகிக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குப் போன்னு சொன்னேன். அவன் எதுக்கு அந்த நேரத்துல மவுண்ட் கேம்பியர் ரோட்டுல போனான்னு எனக்குத் தெரியல. தூக்கக் கலக்கத்துல வழி மாறிப் போயிட்டானோ? நான்தான் கொன்னுட்டேனோ?"

அறுபத்து நான்கு வயது அவருக்கு. நான் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த கிளாஸையே திரும்பவும் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று சமைக்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் ஜூடித்தின் வீட்டுக்குப் போனேன். அவர் நாய்க்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

விபத்து நடந்த அன்று வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி, கடை எதுவும் திறக்காது. சனிக்கிழமை அறுவடை ஆட்களுக்கு நான் ஆட்டுக்கறி செய்வதாக இருந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மசாலா டப்பாவைத் திறந்து பார்த்தேன், கல்பாசி இல்லை. அவருக்குப் போன் செய்தேன்.

"மாமா, கல்பாசி தீந்துபோச்சு. மவுண்ட் கேம்பியர் கடையில இருக்காம். ஆறரைக்கு மூடிருவாங்க, போய் வாங்கிட்டு வந்துருங்க."

"ரொம்ப அசதியா இருக்கு ஜோதி. ஒரு மணி நேரமாவது படுக்கலாம்னு கெளம்புறேன். அது இல்லாம செய்யக்கூடாதா?"

"உங்க திராட்சைன்னா அசதி தெரியாது. நான் ஒண்ணு கேட்டா மட்டும் அசதி வந்துரும்."

"சரி, சரி. போறேன்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். திரும்பி வரும் வழியில் நடந்தது.

ஜூடித் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து நான் அப்படிக் கேட்டப்போ நீ..."

"சொல்லல. உங்க தலையிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "கடைக்குப் போயிட்டு வான்னு பொண்டாட்டி சொல்றது ஒரு குத்தமா, ஜோ?"

"அது இல்ல. அவங்க அம்மா என்கிட்ட கேட்டாங்க, குடிச்சிருந்தானான்னு. இல்லன்னு சொன்னா, பின்னே எப்படி நடந்துச்சு, எதுக்கு அந்த ரோட்டுல போனான்னு அடுத்த கேள்வி வரும். அதனால வாயத் திறக்கல. குடிச்சிருந்தான்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நான் விட்டுட்டேன்."

கையை எடுத்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

செப்டம்பர் 4, புதன்

பன்னிரண்டு மணிக்கு அழைத்தேன். அங்கே காலை எட்டு. செல்வபாண்டிதான் எடுத்தான். அத்தையிடம் கொடுத்தே ஆக வேண்டும், நான் வைக்கமாட்டேன் என்றேன். பாத்திரம் உருளும் சத்தம், கோழிச் சத்தம், பிறகு அத்தையின் மூச்சு.

"என்ன?"

"அத்தை, அவர் குடிக்கல. இங்க அரசாங்கத்துல எழுதிக் குடுத்துருக்காங்க, ஒரு சொட்டுகூட இல்லன்னு. அது வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் அத்தை. நான்தான் அவர அனுப்புனேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அசதி என்று அவர் சொன்னதை, நான் சொன்ன பதிலை, ஒரு வார்த்தை விடாமல். அத்தை குறுக்கே பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வாங்கிட்டானா?"

"என்ன அத்தை?"

"நீ வாங்கியாரச் சொன்னதத்தான் கேக்குறேன். வாங்கிட்டானா?"

"வாங்கிட்டாரு அத்தை. சட்டைப்பையில இருந்துச்சு. போலீஸ்காரங்க குடுத்தாங்க."

அத்தை அழவில்லை. குரல் மட்டும் கீழே இறங்கிப்போயிற்று.

"இங்க பாருத்தா. கடைக்குப் போன்னு நானும்தான் அவன ஆயிரம் தடவ அனுப்பிருக்கேன். வெயிலுன்னு பாத்ததில்ல, மழையின்னு பாத்ததில்ல. அதுக்கு ஒன்னைய நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அஞ்சு மாசமா எம்பிள்ளைய நான் வஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். காலைல எந்திரிச்சா வைவேன், அடுப்புப் பத்தவச்சா வைவேன். சத்தியத்த மீறிட்டான்னு தெருவுல நின்னு மண்ணள்ளித் தூத்துனேன். அந்தச் சத்தியத்த அவன் காப்பாத்திக்கிட்டுல்ல போயிருக்கான். நீ அதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

ஆமாம் என்றேன்.

போனை வைத்துவிட்டார். லேபிளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ஜூடித்திடம், அவர்கள் வீட்டிலிருந்து பதில் வரவில்லை என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். மத்தியானம்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அச்சகத்துக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொன்னார். "தெற்குத் துண்டு, கேபர்னே" என்று மட்டும் இருக்கும்.

சிவப்புக் கோடு இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

செல்வபாண்டி பேசினான். "அம்மா சரியாச் சாப்பிடல மதினி. யார்கிட்டயும் பேசல. நேத்து தெருவுல ஒவ்வொரு வீடாப் போயி, எம்மகன் குடிக்கலன்னு சொல்லிட்டு வந்துச்சு. கேட்டவுகளுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னே தெரியல."

"என்மேல கோவமா இருக்காங்களா?"

"ஒங்க பேச்சே எடுக்கல."

"நீங்க?"

"எனக்கும் இருக்குது மதினி. போகப் போகச் சரியாகும்னு நெனைக்கிறேன்."

பொய் சொல்லாமல் சொன்னானே, அதுவே பெரிசு.

செப்டம்பர் 12, வியாழன்

கொடிகளில் துளிர். சுண்டுவிரல் நகம் அளவு, ஓரத்தில் இளஞ்சிவப்பு.

உப்புக்கறியைத் திரும்பவும் செய்தேன். மிளகாய் இரண்டே இரண்டு, விதையைத் தட்டி எடுத்துவிட்டு. சின்ன வெங்காயம் இரண்டு மடங்கு. கறியைக் கொழுப்போடு வாங்கி, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை மூன்று மணி நேரம் சின்னத் தீயில். உப்பு ஒரு கல் தூக்கலாக.

ஜூடித் ஊரில் இல்லை. ருசி பார்க்க நான்தான். லேபிள் ஒட்டாத பாட்டில் ஒன்றைத் திறந்தேன்.

போன வருடம் பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி எடுத்து சுருளிவேல் அடுப்படிக்கே கொண்டுவந்து நீட்டினார். "ஒரே ஒரு வாய், ஜோதி. எப்படின்னு சொல்லு." கையில் மாவு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். மறுபடி அவர் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

இன்று வாயில் வைத்தேன். முதலில் நாவல்பழம். அதற்குப் பின்னால் பச்சையாக ஒரு வாசனை, புதினாவைக் கசக்கின மாதிரி, தைல மரக் காற்று மாதிரி. பிறகு துவர்ப்பு வந்தது. ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம் எல்லாவற்றையும் பிடித்து இழுத்தது. மற்ற ஒயின்களில் இருப்பதைவிட அதிகம். உடனே ஒரு துண்டு கறியைப் போட்டு மென்றேன். உப்பும் கொழுப்பும் பட்டதும் அந்தப் பிடி தளர்ந்தது. பழம் திரும்பி வந்தது. கறிகூட முன்னைவிட இனித்தது.

இத்தனை துவர்ப்பை ஏன் விட்டுவைத்தார் என்று ஜூடித் ஒருமுறை கேட்டாராம். "இது தனியாக் குடிக்கிறதுக்கு இல்ல, சோத்தோட வைக்கிறதுக்கு" என்றாராம். அவருக்குத் தெரிந்த சோறு என் சமையல்தான்.

வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தேன். அப்புறம் துப்பினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாற்பத்தெட்டு வெள்ளைத் தட்டு, துணி நாப்கின், கோழி எட்டு கிலோ, கறி பதினான்கு கிலோ. லேபிள்கள் வந்துவிட்டன. ஜூடித்தும் நானும் உட்கார்ந்து ஒட்டினோம். மொத்தம் அறுநூறு பாட்டில். பேசிக்கொள்ளவில்லை. அவர் என்மேல் கோபமாக இல்லை, முன்னைப்போலவும் இல்லை.

செப்டம்பர் 21, சனி

விருந்து முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

வெயில் நன்றாக இருந்ததால் மேசைகளை வெளியே போட்டோம். காளானும் மெர்லோவும் சத்தமில்லாமல் போயின. மிளகுக் கோழிக்கும் ஷிராஸுக்கும் பேச்சு கிளம்பியது. கோலா உருண்டை போதவில்லை, நாலு மேசைக்குத் திரும்பவும் பொரித்தேன்.

கடைசித் தட்டு போனதும் சட்டென்று அமைதி. எதுவும் தப்பாகிவிட்டதோ என்று கதவருகே வந்து பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின், திரும்பவும் கறி. முன்வரிசையில் இருந்த பெண்மணி ஒருவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைச் செஞ்சது யாரு? பேரு போடலையே?"

ஜூடித் எழுந்தார். என்னைப் பார்த்தார், பேசுகிறாயா என்பதுபோல. எனக்கு ஆங்கிலத்தில் கூட்டத்துக்கு முன் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் போய் நின்றேன்.

செய்தது என் கணவர் சுருளிவேல் என்றேன். மார்ச் மாதம் விபத்தில் இறந்துவிட்டார். அப்போது அவர் குடித்திருக்கவில்லை. அப்போது மட்டுமில்லை, வாழ்நாளில் ஒரு வாய் ஒயின்கூட அவர் விழுங்கியதில்லை. இந்தப் பாட்டிலில் அவர் பெயர் இல்லாததற்கு நான் காரணம். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

யாரும் கைதட்டவில்லை. நல்லவேளை. அந்தப் பெண்மணி கிளாஸைக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தார்.

பாத்திரம் கழுவும்போது ஜூடித் வந்து பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார். "அடுத்த வருஷத்துப் பழத்தையும் அதே மாதிரி செய்யச் சொல்றேன்" என்றார். யாரால் முடியும் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

மத்தியானம் ஒரு மணி. கம்பத்து எண். செல்வபாண்டி என்று நினைத்து எடுத்தேன்.

"ஏத்தா, சாப்டியா?"

அத்தை. சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை.

"விருந்து வைக்கிறேன்னியாமே, நடந்துச்சா?"

"நடந்துச்சு அத்தை."

"அவன் செஞ்சது எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை அத்தை கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. "நாவப்பழம் மாதிரி இருந்துச்சு அத்தை. மொதல்ல இனிப்பு. அப்புறம் நாக்கப் புடிச்சு இழுக்கும் பாருங்க, அந்தத் துவர்ப்பு."

"நாவப்பழம்னா அவனுக்கு உசுருல்ல" என்றார். பிறகு, "பாட்டில்ல அவன் பேரு போட்டுருக்கா?"

"இல்ல அத்தை. ஒங்ககிட்ட கேக்காமப் போடக்கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் கேக்கல."

"கேட்டுருந்தா வேணாம்னுதான் சொல்லிருப்பேன்." அப்புறம், "இனிமே போட முடியாதோ?"

"எல்லாம் ஒட்டியாச்சு அத்தை."

"ம்."

அந்த "ம்" இன்னும் காதில் இருக்கிறது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"படத்த மாட்டிட்டேன்" என்றார் அத்தை. "மஹாளய அமாவாசைக்குப் படையல் போடப்போறேன். வருவியா?"

"வர்றேன் அத்தை."

"வரும்போது அதுல ஒரு பாட்டில் கொண்டா. அவங்கப்பனுக்கு நான் ஒரு நாளும் வச்சதில்ல, வைக்கவும் மாட்டேன். இது வேற. இது அவன் கைப்பட செஞ்சது. ஆனா அதுக்குப் பக்கத்துல என்னத்த வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீதான் அதெல்லாம் பாக்குறவ, நீ சொல்லு."

"உப்புக்கறிதான் சேரும் அத்தை. ஆனா புரட்டாசி..."

"புரட்டாசியில கறி ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? கறி இல்லாம என்ன வைக்கலாம்னுதான கேக்குறேன்."

ஏழு வாரமாகச் சமைத்ததெல்லாம் மனசில் ஓடியது. எதுவும் உதவவில்லை. துவர்ப்பு அடங்க உப்பு வேண்டும், கொழுப்பு வேண்டும். புளிப்பு ஆகாது, காரம் ஆகாது.

"பருப்புச் சோறு வைக்கலாம் அத்தை. நெய்யி நெறைய ஊத்தி, உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போட்டு, நல்லாக் கொழையப் பெசைஞ்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அத்தை அழுது நான் கேட்டது இன்றுதான்.

"அத நானே பெசைஞ்சு வைக்கிறேன்" என்றார். "நீ வந்து சேருத்தா."